வீட்டுக்குள் ஒரு தோட்டாப் பட்டறை!

அமெரிக்காவில் பென்சில்வேனியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. மலையும் காடும் நிறைந்த பூமி. அங்கே நவம்பர் மாதக் கடைசியில் மான் வேட்டைக் காலம் பிறக்கும். அந்தச் சமயத்தில் பல பள்ளிக்கூடங்களுக்கு ஒரு நாள் விடுமுறை விடுகிற வழக்கம் உண்டு. நம் ஊரில் தீபாவளிக்கு விடுவதுபோல! அப்பாவும் பிள்ளையும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். மான் கிடைத்தால், அந்த இறைச்சி குளிர்காலத்துக்கு வீட்டுச் சமையலுக்கு ஆகும்.

துப்பாக்கி இருந்தால் போதுமா? தோட்டா வேண்டுமே! கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஆனால், கடைக்குப் போகாமல் தங்கள் வீட்டிலேயே தோட்டா தயாரித்துக்கொள்கிறவர்களும் அந்த நாட்டில் ஏராளம். தபால்காரர், பள்ளி ஆசிரியர், மோட்டார் மெக்கானிக், ஓய்வு பெற்ற கிழவர் என்று எல்லாத் தரத்திலும் அவர்கள் இருக்கிறார்கள்.

"என்ன, வீட்டிலேயா? மனைவி மக்கள் நடமாடுகிற இடத்திலா வெடிமருந்து?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர்கள் எழுதிய புத்தகங்களையும், மருந்துக் கம்பெனிகள் வெளியிடும் கையேடுகளையும் எடுத்துப் புரட்டினேன். ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது. மருந்தைப் பற்றி எவ்வளவு பேசுகிறார்களோ, கிட்டத்தட்ட அவ்வளவு மேஜையைப் பற்றியும் பேசுகிறார்கள். மேஜை ஆடக் கூடாது. மேஜை மேல் இது இருக்கலாம், அது இருக்கக் கூடாது. மேஜைக்கு மேலே விளக்கு எங்கே, கீழே பெட்டி எங்கே என்று ஒரே மேஜைப் புராணம்! அந்தப் புராணத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

தோட்டா என்பது என்ன?

அதற்கு முன்னால், தோட்டா என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் கிராமங்களில் பழைய நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ வைத்து இடித்து, ரவையைப் போட்டு, பிறகு சுடுவார்கள். ஒவ்வொரு வெடிக்கும் இந்தப் பாடு. தோட்டா வந்த பிறகு இந்த வேலை இல்லை. எல்லாமே ஒரு சிறு பித்தளைக் கூட்டுக்குள் அடங்கிவிட்டது.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடியில் பதித்திருக்கும் சின்னஞ்சிறு பிரைமர் ஒன்று. சிறுவர்கள் கொளுத்தும் பொட்டு வெடி தெரியும் அல்லவா? தட்டினால் 'பட்' என்று வெடிக்குமே! பிரைமரும் அந்த ஜாதிதான். ஆனால் அதைவிடப் பலமடங்கு உக்கிரமானது. கூட்டுக்குள் மருந்து. கூட்டின் வாயில் குண்டு. விசையை இழுத்தால் ஒரு முள் போய்ப் பிரைமரைத் தட்டும். பிரைமர் தீப்பொறி கக்கும். மருந்து பற்றும். அதிலிருந்து எழும் வாயு குண்டைப் பிடித்துத் தள்ளும். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

முடிந்த பிறகு மிஞ்சுவது என்ன? பித்தளைக் கூடு! நான்கு பாகங்களில் விலை உயர்ந்தது பெரும்பாலும் அதுதான். சூட்டில் கொஞ்சம் உப்பியிருக்கும், கரி பிடித்திருக்கும். அவ்வளவே. அதைச் சுத்தம் செய்து, அச்சில் நுழைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர், புது மருந்து, புதுக் குண்டு வைத்தால் மறுபடியும் தோட்டா. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி மறுபடி புழங்குகிறோமே, அந்தச் சிக்கனப் புத்திதான் இதுவும்.

லாண்டரியில் பிறந்த கம்பெனி

இந்தத் தொழில் இன்று நேற்று வந்தது அல்ல. 1870-களில் அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டைக்காரர்கள் சுற்றித் திரிந்தார்கள். கடைக்குப் போக வேண்டுமானால் பல நாள் வண்டிப் பயணம். ஆகையால் இரவில் கூடாரத்தில் உட்கார்ந்து, பகலில் சுட்ட கூடுகளைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். 1884-இல் ஜான் பார்லோ என்பவர் 'ஐடியல்' என்ற பெயரில் இதற்கென்று ஒரு கம்பெனி தொடங்கினார். பாக்குவெட்டி போலப் பிடித்து அழுத்தும் கைக்கருவி அவருடைய சரக்கு. அந்தக் கம்பெனியைப் பின்னால் 1925-இல் லைமன் கம்பெனி வாங்கிக்கொண்டது.

ஆனால் இது வீட்டுக்கு வீடு பரவியது இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டித்தான். யுத்த காலத்தில் வேட்டைக்காரர்களுக்குக் கடையில் குண்டு கிடைக்கவில்லை. கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரில் பிரெட் ஹண்டிங்டன் என்று ஒருவர். அவருடைய தகப்பனார் சலவைக்கடை வைத்திருந்தார். 1943-இல் அந்தக் கடையின் பின்பக்கத்தில் அச்சுகள் செய்ய ஆரம்பித்தார் மகன். சுட்டு எறிந்த சிறு தோட்டாக் கூடுகளைக் கொண்டே குண்டுக்கு மேலுறை செய்கிற அச்சு அது. அந்தப் பக்கத்தில் 'ராக் சக்' என்று ஒரு பிராணி. அணில் வகைதான், ஆனால் பூனை அளவு இருக்கும். அதைச் சுடுவதற்கான குண்டு என்பதால், அச்சுக்கும் அதன் பெயரையே வைத்தார். அந்தப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஆர்.சி.பி.எஸ்.' என்று கம்பெனிப் பெயர் ஆயிற்று. துணி வெளுத்த இடத்தில் பிறந்த அந்தக் கம்பெனியின் சாமானை இன்றும் வாங்குகிறார்கள்.

யுத்தம் முடிந்ததும் இன்னொரு வேடிக்கை. ராணுவத்திடம் மலைபோல மருந்து மிச்சம். கான்ஸாஸ் மாநிலத்தில் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் அதை மலிவாக வாங்கிச் சில்லறையாக விற்றார். வைக்க இடம் வேண்டுமே! ஒரு பண்ணை மேய்ச்சல் நிலத்தை வாடகைக்குப் பிடித்து, அங்கே ஒரு பழைய ரயில் சரக்குப் பெட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். அதுதான் அவருடைய முதல் மருந்துக் கிடங்கு. மாடுகளுக்கு நடுவே வெடிமருந்து!

1949-இல் நெப்ராஸ்காவில் ஜாய்ஸ் ஹார்னடி என்பவர் குண்டு செய்ய ஆரம்பித்தார். (ஜாய்ஸ் என்றதும் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஆண்தான்.) 1958-இல் ரிச்சர்ட் லீ என்பவர் ஒரு சிறு கருவி கொண்டுவந்தார். சுத்தியலால் தட்டியே வேலையை முடித்துவிடலாம். பெரிய யந்திரம் வேண்டாம். சாப்பாட்டு மேஜையே போதும் என்று ஆயிற்று. மலிவுதான், சௌகரியம்தான். ஆனால் சாப்பாட்டு மேஜையில் இந்த வேலை செய்யலாமா? பிறகு வருகிறேன் அதற்கு.

ஆடாத மேஜை

இப்போது ஒருவர் புதிதாக இந்த வேலையில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓர் இரும்புப் பட்டறையில் மேஸ்திரி. வீட்டில் மனைவி, எட்டு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். முதலில் அவர் செய்ய வேண்டியது இடம் பார்ப்பது.

அங்கே வீடுகளுக்கு அடியில் நிலவறை இருக்கும். பக்கத்தில் கார் ஷெட் இருக்கும். இரண்டில் எது? நிலவறையில் வெந்நீர் கொதிகலன் இருக்கிறதா, அதில் எப்போதும் எரிகிற சிறு சுடர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சுடர் இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. கார் ஷெட்டில் பெட்ரோல் வாடை. அதுவும் ஆகாது. ஈரம் இருந்தால் மருந்து கெடும்; மிகுந்த வெயில் காய்ந்தாலும் கெடும். எல்லாவற்றையும்விட முக்கியம், கதவுக்குப் பூட்டு இருக்க வேண்டும். மூன்று வயதுப் பையன் இருக்கிறானே! கடைசியில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது, நிலவறையில் கொதிகலனுக்கு எட்டாத, தனியாக அடைத்த ஒரு மூலையைத்தான்.

தரையில் கம்பளம் விரித்திருந்தால் எடுத்துவிட வேண்டும். ஏன் தெரியுமா? குளிர்காலத்தில் கம்பளத்தின் மேல் நடந்தால் உடம்பில் மின்சாரம் ஏறும். விரலிலிருந்து பொறி பறக்கும். தவிர, கீழே விழுந்த பிரைமரைக் கம்பளத்துக்குள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. சிந்திய மருந்தைத் தூசி உறிஞ்சும் யந்திரத்தால் எடுக்கக் கூடாது. அதன் மோட்டாரில் பொறி இருக்கிறது. நம் வீட்டுத் துடைப்பமும் முறமும் போல, சாதாரண பிரஷ்ஷாலும் தட்டாலும் வாரி எடுப்பதே சரி.

அடுத்தது மேஜை. கூட்டை அச்சுக்குள் தள்ளிப் பிதுக்குவதற்கு ஒரு பிரஸ் வேண்டும். இரும்பு வார்ப்பு, பக்கவாட்டில் நீண்ட கைப்பிடி. இது மேஜையின் முன் ஓரத்தில் நிற்கும். கைப்பிடியைக் கீழே அமுக்கினால் மேஜை முன்பக்கம் சாயப் பார்க்கும். தூக்கினால் மேஜையே கூட எழும்பப் பார்க்கும்! ஒரு வேட்டைக் காலத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படி அமுக்கித் தூக்கினால், சாதாரண மேஜை என்ன ஆகும்? ஆணி நெகிழ்ந்து, கால் ஆடத் தொடங்கிவிடும்.

ஆகவே கால்களுக்கு நாலுக்கு நாலு அங்குலச் சட்டம் போடுகிறார்கள். அல்லது 'டூ பை ஃபோர்' சட்டம் இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் பிணைக்கிறார்கள். இங்கே நம் தச்சர்கள் சிரிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 'இரண்டுக்கு நாலு' என்று விற்கிற சட்டத்தை அளந்து பார்த்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும்! ஏமாற்று அல்ல. அறுத்து, உலர்த்தி, இழைத்த பிறகு நிற்கும் அளவு அது. பெயர் மட்டும் பழைய பெயர். இதை அறியாமல் காகிதத்தில் கணக்குப் போட்டவர்களின் மேஜை, முதல் நாளே பொருந்தாமல் நிற்கும்.

மேற்பலகைக்கு முக்கால் அங்குல ப்ளைவுட் இரண்டு. ஒன்றின் மேல் ஒன்றாகக் கோந்து பூசி, அடியிலிருந்து திருகாணி முடுக்குகிறார்கள். ஒன்றரை அங்குலக் கனம் வந்துவிடும். அகலம் இரண்டடி போதும். அதற்கு மேல் போனால் பின்பக்கத்துச் சாமானுக்குக் கை எட்டாது. நீளம் நாலடியிலிருந்து ஆறடி. உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு உயரம் சுமார் முப்பது அங்குலம். நின்று செய்கிறவருக்கு முப்பத்தாறுக்கு மேல். முன் ஓரத்தில் பலகை சட்டத்தைத் தாண்டி மூன்று நான்கு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரஸ்ஸின் போல்டுக்கு அடியில் நட்டுப் போடும்போது சட்டம் குறுக்கே நின்று வம்பு பண்ணும். இதை மறந்துவிட்டு, பிறகு உளியால் சட்டத்தைக் குடைந்தவர்கள் நிறையப் பேர்.

பிரஸ்ஸை மரத் திருகாணியால் பிணைக்கக் கூடாது, பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பலகையைத் துளைத்து, போல்டை ஊடுருவ விட்டு, அடியில் அகலமான வாஷர் வைத்து நட்டு முடுக்க வேண்டும். மேஜையையும் சுவரோடு பூட்டிவிட வேண்டும். அங்கே வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் செங்கல் அல்ல. உள்ளே பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக மரச் சட்டம் நிற்கும். அதன் மேல் பலகை அறைந்திருக்கும். சட்டம் எங்கே இருக்கிறது என்று தட்டிப் பார்த்து, அதில்தான் போல்ட் ஏற்ற வேண்டும். கீழ்த்தட்டில் கனமான சாமான்களை அடுக்கினால் மேஜை இன்னும் அசையாது. குண்டுப் பெட்டிகளே போதும், ஈயம் அல்லவா!

'நேஷனல் ரீலோடிங் மானுஃபாக்சரர்ஸ் அசோசியேஷன்' என்ற சங்கம் இப்படி ஒரு மேஜைக்கு அளவுகளோடு படம் போட்டு வெளியிட்டது. இரும்புச் சாமான் விற்கிற முதலாளிகளின் சங்கம்தான். ஆனாலும் நல்ல காரியம் செய்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து மேஜை செய்தவர்கள் எத்தனையோ பேர்.

மேஜை ஆடினால் என்ன ஆகும்? நான் கல்லூரியில் படிக்கும்போது ஓர் அறை நண்பனோடு சேர்ந்து, பெட்டிப் பலகையில் ஒரு மேஜை செய்தேன். பரீட்சைக்கு முதல் நாள் அது ஆடி, மைக்கூடு என் நோட்டுப் புத்தகத்தின் மேல் கவிழ்ந்தது. எனக்குப் போனது மை. இவர்கள் மேஜை மேல் இருப்பதோ தராசு!

தட்டான் தராசும் மின்விசிறியும்

மருந்தை நிறுப்பது 'கிரெயின்' என்ற எடையில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நம் ஊர்த் தட்டார்கள் பொன் நிறுக்கும் குன்றிமணி இருக்கிறதே, அது சுமார் இரண்டு கிரெயின் இருக்கும். இவர்கள் ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுக்க வேண்டும். அதாவது குன்றிமணியில் இருபதில் ஒரு பங்கு!

தட்டார் தன் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏன் வைக்கிறார்? காற்றுப் பட்டால் முள் ஆடும். இங்கேயும் அதேதான். மேலே மின்விசிறி சுற்றக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கக் கூடாது. பிரஸ் இருக்கும் பலகையிலேயே தராசு இருந்தால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் முள் துள்ளும். அதனால் சிலர் தராசுக்கென்று சுவரில் தனியாக ஒரு சிறு பலகை அடித்துவிடுகிறார்கள், கண் மட்டத்துக்கு. கொத்தனார் ரசமட்டம் வைத்து அது சமமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சில மின்சாரத் தராசுகளுக்குப் பக்கத்துக் குழல் விளக்குகூட ஆகாது; எண் தானாகவே மாறும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? மருந்து கொஞ்சம் கூடினால் அழுத்தம் நிறையக் கூடும். அளவு மீறினால் துப்பாக்கியே வெடிக்கும். அது முகத்துக்கு முன்னால் இருக்கிற பொருள் என்பதை மறக்கக் கூடாது.

மிகப் பெரிய அபாயம், ஒரே கூட்டில் இரண்டு தரம் மருந்து போட்டுவிடுவது. எப்படி நடக்கும் என்கிறீர்களா? ஒரு கூட்டுக்கு மருந்து போட்டாயிற்று. அந்தச் சமயம் டெலிபோன் மணி அடிக்கிறது. போய்ப் பேசிவிட்டு வந்து, எங்கே விட்டோம் என்று தெரியாமல் அதே கூட்டுக்கு மறுபடி போடுவது. பெரிய ரைபிள் கூடாக இருந்தால் மருந்து வழிந்து காட்டிக் கொடுத்துவிடும். கைத்துப்பாக்கிக் கூட்டில் அப்படி இல்லை. '.38 ஸ்பெஷல்' என்று ஒரு தோட்டா. 1898-இல் வந்தது, கரிமருந்துக் காலத்து அளவில் செய்த கூடு. கரிமருந்து நிறையப் போட வேண்டும். ஆகவே கூடு பெரிது. இப்போது போடுவது புகையில்லா மருந்து. 1884-இல் பிரான்ஸில் பால் வியேய் என்பவர் கண்டுபிடித்த ஜாதி. கொஞ்சம் போட்டாலே போதும். கூட்டில் பாதிகூட நிறையாது. இரண்டு தரம் போட்டாலும் வழியாது. குண்டை மேலே வைத்து அழுத்திவிட்டால் பிறகு யாருக்கும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும்.

இதற்கு ஒரு தச்சு வேலைப் பரிகாரம் இருக்கிறது. மேஜைக்கு மிஞ்சிய கட்டையில் ஐம்பது குழி துளைத்து இரண்டு பலகை செய்துகொள்கிறார்கள். பிரைமர் வைத்த கூடுகள் முதல் பலகையில் தலைகீழாக நிற்கும். தலைகீழாக நிற்கிற கூட்டில் மருந்து இருக்க முடியுமா? முடியாது! ஒன்றை எடுத்து, நிமிர்த்தி, மருந்து போட்டதும் அது இரண்டாவது பலகைக்குப் போய்விடும். டெலிபோன் அடித்தாலும், பெண் வந்து கணக்குக் கேட்டாலும், எது ஆயிற்று, எது ஆகவில்லை என்று பலகை சொல்லிவிடும். ஐம்பதும் முடிந்த பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். மருந்து மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் அதைக் கொட்டி மறுபடி நிறுப்பார்கள். இந்தப் பலகைக்கு ஆகிற செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த அறையில் உள்ள சாமான்களில் எது முக்கியம் என்று என்னைக் கேட்டால், விலை உயர்ந்த பிரஸ்ஸை விட்டு இந்தக் கட்டையைத்தான் காட்டுவேன்.

மேஜை மேல் ஒரு சமயத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்கலாம். மற்றவை அலமாரியில். இரண்டு டப்பா திறந்திருந்தால், வேலை முடிந்து மிச்சத்தை எதில் கொட்டுவது என்று கை தடுமாறும். மருந்துகள் பல தினுசு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் கறுப்பாக இருக்கும். ஒன்றின் அளவில் இன்னொன்றைப் போட்டால் வினைதான். பெயர்ச் சீட்டுக் கிழிந்த டப்பா எவ்வளவு நிறைந்து இருந்தாலும் அதைத் தொடக் கூடாது.

இரும்புப் பெட்டி ஏன் ஆகாது?

வெடிமருந்தை எதில் வைத்துப் பூட்டலாம் என்று கேட்டால் நாம் உடனே "கனமான இரும்புப் பெட்டியில்" என்போம். அது தப்பு! புகையில்லா மருந்தைத் திறந்த வெளியில் கொளுத்தினால் சுறுசுறுவென்று எரிந்துதான் போகும். அதையே இறுக்கமான இரும்புக்குள் அடைத்துத் தீ வைத்தால் வாயு வெளியே போக வழியில்லாமல் பெட்டியே குண்டாகிவிடும். அதனால்தான் மருந்துக் கம்பெனிகள் வேண்டுமென்றே பலமில்லாத டப்பாவில் அடைத்து விற்கின்றன. தீப்பிடித்தால் டப்பா சீக்கிரம் பிளந்துவிட வேண்டும் என்பது கருத்து.

அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்க விதி, வீட்டில் 20 பவுண்டு வரை புகையில்லா மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால், ஓரங்குலக் கனப் பலகையில் செய்த மரப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மரம் எரியுமே என்பீர்கள். எரியும், ஆனால் மெதுவாக எரியும். உள்ளே சூடு போகச் சமயம் பிடிக்கும். அதற்குள் வீட்டில் உள்ளவர்கள் வெளியே வந்துவிடலாம்.

பிரைமருக்கு உச்சவரம்பு 10,000. அதையும் வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே வைக்க வேண்டும். அதில் ஒவ்வொரு பிரைமருக்கும் தனிக் குழி இருக்கும். ஒன்றுக்கொன்று தொடாது. இடம் மிச்சம் என்று எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைத்தால், ஒன்று வெடிக்கும்போது மொத்தமும் ஒரே வெடியாக வெடிக்கும். சிவகாசிப் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிரைமரும் மருந்தும் ஒரே அலமாரியில் பக்கம் பக்கமாக இருக்கவும் கூடாது.

சாப்பாட்டு மேஜை

இப்போது அந்தச் சாப்பாட்டு மேஜை விஷயத்துக்கு வருகிறேன். வெடி பயம் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் உள்ள குழந்தைகளுக்கு வேறொரு அபாயம், சத்தம் இல்லாமல் வரும். அதுதான் ஈயம்.

குண்டில் ஈயம் இருக்கிறது. பிரைமரிலும் சாதாரணமாக ஈய உப்பு இருக்கிறது; சுட்ட பிறகு அது தூளாகக் கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டு இருக்கும். கூடுகளைச் சுத்தம் செய்ய ஒரு சுழலும் தொட்டியில், பொடித்த வாதுமை ஓட்டோடு போட்டு உருட்டுவார்கள். பளபளவென்று ஆகிவிடும். ஆனால் கூட்டில் இருந்த ஈயம் எல்லாம் அந்தத் தூளுக்கு வந்துவிடும். மூடியைத் திறந்தால் புகைபோல எழும். அது கையில், சட்டையில், மேஜையில் படியும். அதே மேஜையில் மறுநாள் காலை குழந்தைக்கு ரொட்டி வைத்தால்?

பெரியவர் உடம்பைவிடக் குழந்தைகள் உடம்பு ஈயத்தை அதிகம் இழுத்துக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்பது இன்று வைத்தியர்கள் முடிவு. அப்பா சட்டையோடு வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாலே போதும்.

ஆகவே மேஜை தனி, அறை தனி, சட்டை தனி. தொட்டியைத் திறப்பது வெளியே, காற்றாட. அறைக்குள் காப்பி, பலகாரம், சிகரெட் எதுவும் கூடாது. மேற்பலகைக்கு நல்ல வார்னிஷ் அடித்து வழுவழுவென்று வைக்க வேண்டும். ஈரத் துணியால் துடைத்தால் தூள் மரத்துக்குள் இறங்காமல் வந்துவிடும். வேலை முடிந்தால் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் மாடிக்கு வர வேண்டும். வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீரே போதும் என்கிறார்கள் அனுபவசாலிகள்.

இவ்வளவும் செய்து பணம் மிச்சமாகிறதா? அந்த நாட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. "செலவு குறையவில்லை. அதே செலவில் இரண்டு மடங்கு சுடுகிறேன்" என்பார்களாம். ஆனால் 2020-இல் கொள்ளை நோய் வந்தபோது கடைகளில் தோட்டா அலமாரிகள் காலியாகக் கிடந்தன. அப்போது பழைய பித்தளைக் கூடுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர்கள் புத்திசாலிகள் ஆனார்கள். அதிலும் ஒரு இடி. பிரைமர் கிடைக்கவில்லை!

சட்ட விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய சர்க்கார் லைசென்ஸ் வேண்டாம். செய்து விற்பதானால் வேண்டும். நம் நாட்டில் அப்படி இல்லை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகையால் மேஜையை மட்டும் பார்த்து வையுங்கள். மின்விசிறிக்குக் கீழே தராசு வைக்காத தட்டாருக்கும், கடிகாரம் பழுது பார்க்கிறவருக்கும் அது உதவும்.

மேஸ்திரி தோட்டா செய்து முடித்ததும் பெட்டியில் அடுக்கி, மேலே சீட்டு ஒட்டுகிறார். எந்தத் தேதி, எந்த மருந்து, எத்தனை கிரெயின், எந்தக் குண்டு, எந்தப் பிரைமர் என்று எல்லாம் அதில் இருக்கும். அதையே ஒரு நோட்டிலும் எழுதுகிறார். ஒருவர் நிரப்பிய தோட்டாவை இன்னொருவர் சுடக் கூடாது என்பது அவர்களுடைய எழுதாத சட்டம். சிநேகிதன் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று செய்தவனுக்குத்தானே தெரியும்?

அதனால் ஒரு கிழவர் காலமாகிவிட்டால், அவருடைய நிலவறையில் இருக்கும் தோட்டாப் பெட்டிகளைப் பிள்ளைகள் சுடுவதில்லை. விவரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகக் குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டச் சொல்வார்கள். அந்த மருந்தை மறுபடி உபயோகிக்காமல், வெட்ட வெளியில் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து அழித்துவிடுவார்கள். பித்தளையும் ஈயமும் பழைய சாமான் கடைக்குப் போகும். மேஜை மட்டும் நிற்கும். பதினாறு அங்குலச் சட்டத்தில் ஏற்றிய போல்டுகளைக் கழற்ற ஒரு நாள் பிடிக்கும் என்று, அநேகமாக அதை வீட்டோடு சேர்த்தே விற்றுவிடுவார்கள்.